அமெரிக்க கவுண்டி கோர்ட்ல டிவோர்ஸ் டிக்ரீ காப்பி வாங்குறது எப்படி? வாங்கின பிறகு என்ன பண்ணணும்?



இன்னைக்கு பார்க்கப் போறது கொஞ்சம் சங்கடமான விஷயம்தான். ஆனா அமெரிக்காவுல வேலை பார்க்குற நம்ம ஆட்கள்ல சிலருக்கு, இல்ல அவங்க அண்ணனுக்கோ தங்கைக்கோ, என்னைக்காவது கண்டிப்பா தேவைப்படும். அமெரிக்க கோர்ட்ல விவாகரத்து ஆச்சுன்னா, அந்தத் தீர்ப்போட நகலை, அதாவது டிவோர்ஸ் டிக்ரீயை, எங்க, எப்படி வாங்குறது?

"இது வக்கீல் சமாச்சாரமாச்சே, நம்ம பணம் பத்தின பக்கத்துல எதுக்கு?"ன்னு நீங்க கேட்கலாம். ஒரு நண்பரோட கதையைச் சொல்றேன், புரிஞ்சிடும்.

அவருக்கு சியாட்டில்ல விவாகரத்து ஆச்சு. அப்புறம் வேலை மாறி ஆஸ்டின் போயிட்டார். நாலு வருஷம் கழிச்சு அங்க ஒரு வீடு பார்த்து, முன்பணம் கொடுத்து, லோனுக்கு அப்ளை பண்ணி, வட்டி விகிதத்தையும் லாக் பண்ணிட்டார். அப்பதான் லோன் ஆபீசர் கேட்டார்: "உங்க டிவோர்ஸ் டிக்ரீ, எல்லா பக்கமும் வேணும்." இவர்கிட்ட இருந்தது மாநிலத்துலேருந்து வாங்கின ஒரே ஒரு பக்க டிவோர்ஸ் சர்ட்டிஃபிகேட். அது செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. உடனே ஆஸ்டின் இருக்குற டிராவிஸ் கவுண்டி ரெக்கார்டுல தேடினார். இல்ல. இருக்கவும் இருக்காது, ஏன்னா வழக்கு நடந்தது சியாட்டில்ல. கடைசியில சரியான இடத்தைக் கண்டுபிடிச்சு காப்பி வர்றதுக்குள்ள ரேட் லாக் முடிஞ்சு, அதை நீட்டிக்க தனியா காசு கட்டினார்.

ஒரு பேப்பரை நாலு வருஷம் முன்னாடியே சில டாலர் கொடுத்து வாங்கி வெச்சிருந்தா, இவ்வளவு அலைச்சல் வந்திருக்காது. நான் சொல்ல வர்ற ஒரே விஷயம் இதுதான்: தேவைப்படும்போது தேடாதீங்க, தீர்ப்பு வந்த மாசமே வாங்கி வெச்சுடுங்க.

## டிக்ரீ வேற, சர்ட்டிஃபிகேட் வேற

நிறைய பேர் குழம்புற இடம் இது.

டிவோர்ஸ் சர்ட்டிஃபிகேட்: மாநில சுகாதாரத் துறை கொடுக்குற சின்ன பேப்பர். யாருக்கும் யாருக்கும், எந்தத் தேதியில, எந்த ஊர்ல விவாகரத்து ஆச்சுங்கிறது மட்டும் இருக்கும். டெக்சாஸ்ல இதுவும் கிடையாது, "ஆமா, பதிவு இருக்கு"ன்னு உறுதி சொல்ற ஒரு கடிதம்தான் கொடுப்பாங்க.

டிவோர்ஸ் டிக்ரீ: ஜட்ஜ் கையெழுத்து போட்ட முழுத் தீர்ப்பு. வீடு யாருக்கு, கடன் யாருக்கு, 401கே-ல யாருக்கு எவ்வளவு, குழந்தைக்கு மாசம் எவ்வளவு கொடுக்கணும், எல்லாமே இதுலயும் இதோட சேர்ந்த உத்தரவுகள்லயும்தான் இருக்கும்.

பேங்க், 401கே நிர்வாகம், குடியேற்றத் துறை, இவங்க பெரும்பாலும் கேட்கிறது டிக்ரீயைத்தான். அது மாநிலத் தலைநகர்ல கிடைக்காது. வழக்கு நடந்த கவுண்டியோட கோர்ட் கிளர்க் ஆபீஸ்லதான் கிடைக்கும்.

இன்னொரு விஷயம், பேர் ஊருக்கு ஊர் மாறும். டெக்சாஸ்ல "ஃபைனல் டிக்ரீ ஆஃப் டிவோர்ஸ்". நியூயார்க்ல "ஜட்ஜ்மென்ட் ஆஃப் டிவோர்ஸ்". கலிஃபோர்னியாவுல வெறும் "ஜட்ஜ்மென்ட்". வாஷிங்டன் மாநிலத்துல "ஃபைனல் டிவோர்ஸ் ஆர்டர்". பேரைப் பார்த்துட்டு "இது டிக்ரீ இல்லையே"ன்னு பயப்பட வேண்டாம்.

## படி 1: சரியான கவுண்டி, சரியான கிளர்க்

கல்யாணம் எங்க ஆச்சுங்கிறது முக்கியமில்ல. இப்ப எங்க இருக்கீங்கங்கிறதும் முக்கியமில்ல. விவாகரத்து எந்தக் கவுண்டியில வழங்கப்பட்டதோ, அங்கதான் போகணும். ஊர் பேரை வெச்சு முடிவு பண்ணாதீங்க. சியாட்டில்னா கிங் கவுண்டி, சான் ஹோசேன்னா சேன்டா கிளாரா கவுண்டி, ஹூஸ்டன்ல பெரும்பகுதி ஹாரிஸ் கவுண்டி.

கவுண்டி தெரிஞ்சா மட்டும் போதாது, அதுக்குள்ள எந்த ஆபீஸ்னு தெரியணும்:

- டெக்சாஸ்: டிஸ்ட்ரிக்ட் கிளர்க். கவுண்டி கிளர்க்னு தனியா ஒருத்தர் இருப்பார், அவர்கிட்ட மேரேஜ் லைசென்ஸ் கிடைக்கும். டிவோர்ஸ் டிக்ரீக்கு டிஸ்ட்ரிக்ட் கிளர்க்தான்.
- கலிஃபோர்னியா, வாஷிங்டன்: சுப்பீரியர் கோர்ட்.
- இல்லினாய்: சர்க்யூட் கோர்ட் கிளர்க்.
- நியூயார்க்: வழக்கு நடக்கிறது சுப்ரீம் கோர்ட்ல, ரெக்கார்டு இருக்கிறது கவுண்டி கிளர்க்கிட்ட. அங்க சுப்ரீம் கோர்ட்னா மாநிலத்தோட உச்ச நீதிமன்றம்னு நினைச்சுடாதீங்க, அது விசாரணை நடக்கிற கோர்ட்தான்.

கிளர்க்னதும் நம்ம ஊர் குமாஸ்தான்னு நினைக்க வேண்டாம். கோர்ட்டோட எல்லா ஆவணத்துக்கும் பொறுப்பான அலுவலகமே அதுதான்.

## படி 2: கேஸ் நம்பர் கண்டுபிடிங்க

கேஸ் நம்பர் இருந்தா வேலை பாதி முடிஞ்ச மாதிரி. வக்கீல் வெச்சிருந்தீங்கன்னா அவங்க அனுப்பின பழைய ஈமெயில்ல தேடுங்க, எல்லா பேப்பரோட முதல் பக்கத்துலயும் இருக்கும். இல்லைன்னா பல கவுண்டிகளோட வெப்சைட்லயே பேரைப் போட்டுத் தேடலாம்.

இங்கதான் நம்ம பேர் வில்லங்கம் பண்ணும். நமக்கு இனிஷியல், அவங்களுக்கு லாஸ்ட் நேம். சிலருக்கு அப்பா பேர் லாஸ்ட் நேமா இருக்கும், சிலருக்கு சொந்தப் பேரே லாஸ்ட் நேம் இடத்துல போயிருக்கும். பாஸ்போர்ட்ல ஒரே பேர் மட்டும் இருந்தவங்களுக்கு விசாவுல முதல் பேர் இடத்துல "எஃப்.என்.யு"ன்னு அடிச்சிருப்பாங்க. அதனால முன்பின் மாத்தி, ஸ்பெல்லிங் மாத்தி, முன்னாள் துணையோட பேரையும் போட்டு, எல்லா விதத்துலயும் தேடிப் பாருங்க. அப்படியும் வரலைன்னா கிளர்க் ஆபீஸுக்கே எழுதலாம். தீர்ப்பு வந்த வருஷம் தோராயமா தெரிஞ்சாலும் தேடிக் கொடுப்பாங்க, தேடுறதுக்கு தனிக் கட்டணம் இருக்கலாம்.

## படி 3: எந்த மாதிரி காப்பி?

மூணு வகை இருக்கு.

1. சாதாரண காப்பி: நீங்க படிச்சுப் பார்க்க, வக்கீலுக்கோ ஆடிட்டருக்கோ காட்ட.
2. சர்ட்டிஃபைடு காப்பி: "இது ஒரிஜினலோட சரியான நகல்"னு கிளர்க் முத்திரையும் கையெழுத்தும் போட்டுக் கொடுக்குறது. பெரும்பாலான வேலைக்கு இதுதான் வேணும்.
3. எக்செம்ப்ளிஃபைடு காப்பி: கிளர்க்கோட சேர்ந்து ஜட்ஜும் உறுதிப்படுத்துறது. வேற மாநிலத்துலயோ வேற நாட்டுலயோ இருக்குற அலுவலகம் இதைத்தான் வேணும்னு கேட்டா மட்டும் வாங்குங்க.

அப்ளை பண்ணும்போது "இணைப்புகளோட எல்லா பக்கமும்"னு கண்டிப்பா எழுதுங்க. சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் பல வழக்குகள்ல தனி ஆவணமா இருக்கும், தீர்ப்புல "அந்த ஒப்பந்தத்தின்படி"ன்னு ஒரு வரி மட்டும்தான் வரும். வாஷிங்டன்ல குழந்தைப் பராமரிப்புத் தொகைக்கான உத்தரவு தனி, குழந்தை யார்கிட்ட எப்போங்கிற திட்டம் தனி. தீர்ப்பு மட்டும் வாங்கிட்டு வந்தா, பேங்க் மறுபடியும் திருப்பி அனுப்பும்.

## படி 4: கட்டணம், விண்ணப்பம்

நேர்ல போகலாம், தபால்ல அனுப்பலாம், நிறைய கவுண்டிகள்ல ஆன்லைன்லயும் வாங்கலாம். செலவு பெருசு இல்ல. வாஷிங்டன்ல சர்ட்டிஃபைடு காப்பிக்கு முதல் பக்கம் 5 டாலர், அடுத்த ஒவ்வொரு பக்கமும் 1 டாலர். 12 பக்கத் தீர்ப்புன்னா 5 + 11 = 16 டாலர். கலிஃபோர்னியாவுல விவாகரத்துத் தீர்ப்போட சர்ட்டிஃபைடு காப்பிக்கு 15 டாலர். கட்டணம் அப்பப்போ மாறும், அனுப்புறதுக்கு முன்னாடி அந்த கிளர்க்கோட வெப்சைட்ல ஒரு தடவை பார்த்துக்கோங்க.

தபால்ல கேட்குறீங்கன்னா கடிதத்துல இவ்வளவு இருந்தா போதும்: ரெண்டு பேரோட முழுப் பேர், கேஸ் நம்பர், தீர்ப்பு தேதி, எந்த ஆவணம், எத்தனை காப்பி, உங்க ஃபோன் நம்பர். கூடவே ஸ்டாம்ப் ஒட்டி உங்க முகவரி எழுதின கவர். பர்சனல் செக் வாங்காத ஆபீஸும் உண்டு, மணி ஆர்டர் பாதுகாப்பு. ரொம்பப் பழைய கேஸ் ஃபைல் கிடங்குல இருக்கும், எடுத்து வர கூடுதல் நாள் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. கூகுள்ல தேடினா "டிவோர்ஸ் ரெக்கார்டு உடனே கிடைக்கும்"னு நிறைய தனியார் வெப்சைட் வரும். கார்டு நம்பரை வாங்கிட்டு மாசாமாசம் சந்தா எடுப்பாங்க. கடைசியில கொடுக்குறது பேரும் தேதியும் உள்ள ஒரு பட்டியல். அதுல முத்திரையும் இருக்காது, மதிப்பும் இருக்காது. கவுண்டி வெப்சைட்டுக்கு நேராவே போங்க.

## இந்தியா திரும்பிட்டீங்களா?

பல மாநிலங்கள்ல விவாகரத்துத் தீர்ப்பு பொது ஆவணம். அங்க இருக்குற நண்பர் ஒருத்தர் உங்களுக்காகப் போய் வாங்கிடலாம். ஆனா நியூயார்க் அப்படி இல்ல. சம்பந்தப்பட்ட ரெண்டு பேரும், அவங்க வக்கீலும்தான் வாங்க முடியும், வேற யாருக்கும் கோர்ட் உத்தரவு வேணும். அதனால அங்க வழக்கு நடந்தவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கிட்டு வர்றதுதான் புத்திசாலித்தனம்.

இந்தியாவுல இந்தத் தீர்ப்பைக் காட்டணும்னா அப்போஸ்டில் முத்திரை தேவைப்படும். சர்ட்டிஃபைடு காப்பியை அந்தந்த மாநிலத்தோட செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்துக்கு அனுப்பினா போட்டுக் கொடுப்பாங்க. வாஷிங்டன்ல நடந்த வழக்குக்கு டெக்சாஸ்ல அப்போஸ்டில் வாங்க முடியாது. 2005-லேருந்து இந்தியாவும் அப்போஸ்டில் உடன்படிக்கையில இருக்கு.

ஆனா அப்போஸ்டில் சொல்றது "முத்திரையும் கையெழுத்தும் உண்மை"ங்கிறதை மட்டும்தான். தீர்ப்பு இந்தியச் சட்டப்படி செல்லுமாங்கிறது வேற கேள்வி. இந்து திருமணச் சட்டப்படி கல்யாணம் பண்ணவங்க விஷயத்துல, வெளிநாட்டு விவாகரத்து எப்ப செல்லும்னு நம்ம உச்ச நீதிமன்றம் 1991-ல நரசிம்ம ராவ் வழக்குல விளக்கமா சொல்லியிருக்கு. மறுதரப்பு தானா வந்து வழக்குல கலந்துக்கிட்டாங்களா, ஒப்புக்கிட்டாங்களாங்கிறது அதுல முக்கியமான கேள்வி. அதனால டிக்ரீயோட சேர்த்து, மறுதரப்பு கையெழுத்து போட்ட மனு, பதில் மனு இருந்தா அதுக்கும் சர்ட்டிஃபைடு காப்பி வாங்கிடுங்க. மறுமணம், இங்க இருக்குற சொத்துன்னு வரும்போது குடும்ப வழக்கு தெரிஞ்ச ஒரு வக்கீலைப் பாருங்க. இதுல யூடியூப் பார்த்து முடிவெடுக்காதீங்க, என்னோடது உட்பட!

## காப்பி கையில வந்தாச்சு. இனிதான் பண விஷயம்

டிக்ரீ தானா எந்த வேலையையும் செய்யாது. நீங்கதான் அதை ஒவ்வொரு இடத்துக்கும் கொண்டு போகணும்.

ஹோம் லோன். நண்பர்கிட்ட லோன் ஆபீசர் ஏன் அவ்வளவு பிடிவாதமா கேட்டார்? ஒரு கணக்கு பார்ப்போம். மாசம் 10,000 டாலர் சம்பளம். புது வீட்டு தவணை 3,200, கார் 500. பழைய வீட்டு லோன் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, தவணை 2,600. எல்லாம் சேர்த்தா 6,300, அதாவது சம்பளத்துல 63%. லோன் கிடைக்காது. ஆனா "பழைய வீடும் அதோட கடனும் முன்னாள் மனைவிக்கு"ன்னு டிக்ரீயில இருந்து, வீட்டு உரிமையும் அவங்க பேருக்கு மாறின பத்திரம் இருந்தா, அந்த 2,600-ஐ கணக்குல சேர்க்காம விட வழி உண்டு. அப்ப 3,700, அதாவது 37%. அதே சம்பளம், அதே வீடு, முடிவு மட்டும் வேற. இன்னொரு பக்கம், ஜீவனாம்சமோ குழந்தைப் பராமரிப்புத் தொகையோ இன்னும் 10 மாசத்துக்கு மேல கட்ட வேண்டியிருந்தா அது உங்க கடன் பக்கம் சேரும். அதையும் டிக்ரீயிலதான் பார்ப்பாங்க.

கூட்டுக் கடன். கோர்ட் "அவங்க கட்டணும்"னு சொன்னது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மட்டும்தான். பேங்க் அந்த வழக்குல இல்ல. அவங்க கட்டாம விட்டா உங்க கிரெடிட் ஸ்கோரும் விழும். ரீஃபைனான்ஸ் பண்ணி உங்க பேரை எடுக்குற வரைக்கும் கண்காணிச்சுக்கிட்டே இருங்க.

401கே பங்கு. டிக்ரீயில "பாதி உங்களுக்கு"ன்னு இருந்தாலும் 401கே நிர்வாகம் பணம் தராது. அதுக்குத் தனியா க்யூ.டி.ஆர்.ஓ.ன்னு ஒரு கோர்ட் உத்தரவு வேணும். அது இருக்கான்னு கிளர்க்கிட்ட அதே கேஸ் நம்பர்ல கேளுங்க. இல்லைன்னா இன்னைக்கே வக்கீல்கிட்ட பேசுங்க. ஐ.ஆர்.ஏ. கணக்குக்கு இந்த உத்தரவு தேவையில்ல, டிக்ரீயை வெச்சே மாத்தலாம்.

நாமினி. ரொம்ப முக்கியம் நண்பர்களே. டுபாண்ட் கம்பெனியில வேலை பார்த்த கென்னடிங்கிறவர் தன் சேமிப்புத் திட்டத்துக்கு மனைவியை நாமினியா போட்டிருந்தார். 1994-ல விவாகரத்து. அந்தப் பணத்துல தனக்கு உரிமை இல்லைன்னு டிக்ரீயிலயே மனைவி விட்டுக் கொடுத்துட்டாங்க. ஆனா இவர் அந்தத் திட்டத்துல நாமினி ஃபாரத்தை மாத்தல. 2001-ல இறந்துட்டார். சுமார் 4 லட்சம் டாலர் முன்னாள் மனைவிக்கே போச்சு. 2009-ல அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அது சரின்னுடுச்சு: திட்டத்தோட ஃபாரத்துல யார் பேர் இருக்கோ அவங்களுக்குத்தான். அஞ்சு நிமிஷ ஆன்லைன் வேலை. அவரோட வாரிசுக்குப் போயிருக்க வேண்டிய பணம் போகல.

ஹெல்த் இன்சூரன்ஸ். துணையோட கம்பெனி இன்சூரன்ஸ்ல இருந்தீங்கன்னா, 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்குற கம்பெனியில கோப்ரா மூலமா 36 மாசம் வரை தொடரலாம். ஆனா விவாகரத்தை 60 நாளுக்குள்ள தெரிவிக்கணும்.

வரி. டிசம்பர் 31 அன்னைக்கு விவாகரத்து முடிஞ்சிருந்தா அந்த வருஷம் முழுக்க நீங்க மணமாகாதவர் கணக்குலதான் வருவீங்க. ஜீவனாம்சத்துக்கும் தேதி முக்கியம்: 2018 முடியுறதுக்குள்ள போட்ட ஒப்பந்தம்னா கொடுக்குறவருக்கு ஃபெடரல் வரிக் கழிவு உண்டு, அதுக்கப்புறம்னா கிடையாது.

சோஷியல் செக்யூரிட்டி. கல்யாண வாழ்க்கை 10 வருஷம் நீடிச்சிருந்தா, 62 வயசுக்கு மேல, மறுமணம் பண்ணாம இருந்தா, முன்னாள் துணையோட கணக்குல பலன் கேட்க வழி இருக்கு. கல்யாணத் தேதிக்கும் டிக்ரீ தேதிக்கும் நடுவுல எத்தனை வருஷம்னு எண்ணிப் பாருங்க.

விசா. எச்4-ல இருக்குறவங்களுக்கு விவாகரத்து முடிஞ்ச அன்னைக்கே அந்த அந்தஸ்து போயிடும். தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே குடியேற்ற வக்கீலைப் பாருங்க. ரெண்டு வருஷ நிபந்தனை கிரீன் கார்டுல இருக்குறவங்க தனியா ஐ-751 போடும்போது இறுதி டிக்ரீ காப்பி வைக்கணும்.

## இந்த வாரம் செய்ய வேண்டியது

- சர்ட்டிஃபைடு காப்பி மூணு வாங்குங்க. ஒண்ணு வீட்டுல, ஒண்ணு இந்தியாவுல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட, ஒண்ணு கேட்குற இடத்துல கொடுக்க. ஸ்கேன் பண்ணி மெயில்லயும் வெச்சுக்கோங்க.
- கேஸ் நம்பரையும் கவுண்டி பேரையும் ஃபோன்ல குறிச்சு வைங்க.
- 401கே, இன்சூரன்ஸ், பேங்க், மூணுலயும் நாமினி யாருன்னு இன்னைக்கு ராத்திரியே பாருங்க.

விவாகரத்து முடிஞ்சவங்களுக்கு அந்த ஃபைலைத் திறக்கவே மனசு வராது. என் நண்பரும் அதனாலதான் நாலு வருஷம் தள்ளிப் போட்டார். புரியுது. ஆனா ஒரு தடவை திறந்து, வேண்டியதை எடுத்து வெச்சுட்டு மூடிட்டா, அப்புறம் யாரோ ஒரு லோன் ஆபீசர் உங்களை அவசரமா அதைத் திறக்க வைக்க மாட்டார்.

உங்களுக்குத் தெரிஞ்ச யாருக்காவது இது தேவைப்படும்னு தோணினா, சத்தமில்லாம இதை அனுப்பி வைங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.